எல்லாப் பழியும் வயசு மேலேயா?

'முன்னே மாதிரி மாடி ஏற முடியலைப்பா... பத்துப் படி ஏறினா மூச்சு வாங்குது!'

'வயசு என்ன பதினாறா? அறுபத்தஞ்சு ஆயிடுச்சுல்ல... அப்படித்தான் இருக்கும்!'

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. பதில் சொன்னவருக்குக் கடமை முடிந்தது. கேட்ட பெரியவரும், 'ஆமாம், வயசாச்சுதான்!' என்று வாயை மூடிக்கொள்வார்.

சாயங்காலமானால் கால் வீங்குகிறதா? 'ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டு டி.வி. பார்த்தா அப்படித்தான்.' ராத்திரி படுத்தால் இருமுகிறதா? 'ஏ.ஸி. காத்து ஒத்துக்கலை.' நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கல் மாதிரி ஆகிறதா? 'கேஸ் டிரபிள்! பெருங்காயம் போட்டு மோர் குடிங்க.'

நாலு தொந்தரவு, நாலு காரணம், நாலு கைவைத்தியம். ஆனால் இந்த நாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்பலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த இடம், இதயம். டாக்டர்கள் இதை 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பார்கள். உடம்பில் நீர் தேங்கும் நிலைக்கு வந்துவிட்டால் 'கன்ஜெஸ்டிவ் ஹார்ட் ஃபெயிலியர்'.

இந்த வியாதி நம் ஊரில் இத்தனை பேரைச் சாய்ப்பதற்கு இதயத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுப் பழக்கங்கள் மூன்றும் அதற்குத் துணை போகின்றன என்பது என் கட்சி. வயசு மேல் பழி போடுவது ஒன்று. நோயாளியிடமே நோயை மறைப்பது இரண்டு. 'தேவலை' என்றதும் மாத்திரையை நிறுத்துவது மூன்று.

பெயரே பயமுறுத்துகிறது!

முதலில் இந்தப் பெயரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் பாதிப் பேருக்கு அழுகை வந்துவிடும். தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறோம். அது இன்னும் மோசம்! செயலிழந்த இதயத்தோடு ஒருவர் எப்படி எதிரே உட்கார்ந்து காபி குடிப்பார்?

இதயம் நின்றுபோவது வேறு. இதய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு மாரடைப்பு வருவது வேறு. இது மூன்றாவது. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்பு கேட்கிற அளவுக்கு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது. 'இதயத் தளர்ச்சி' என்று சொன்னால் பயமும் குறையும், விஷயமும் விளங்கும். இந்தக் கட்டுரையில் அப்படியே சொல்லப் போகிறேன்.

கை முஷ்டி அளவுள்ள இந்தச் சதைப் பை ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைச் சுற்றி அனுப்புகிறது. லீவு கிடையாது. ஓவர் டைம் உண்டு. இப்படிப்பட்ட வேலைக்காரன் தளர்ந்தால் உடம்பு என்ன செய்கிறது தெரியுமா? இந்த வியாதியின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

நல்லது செய்வதாக நினைத்து...

உங்கள் வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பழசாகி இழுக்கும் சக்தி குறைந்துவிட்டது. மேல் மாடிக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. மாடியில் குடியிருப்பவர் என்ன நினைப்பார்? 'கீழே தொட்டியில் தண்ணி இல்லை போலிருக்கு' என்று நினைத்து ஒரு லாரி தண்ணீருக்குச் சொல்லிவிடுவார். தொட்டி ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது! லாரித் தண்ணீரும் சேர்ந்தால்? வழிந்து வீட்டுக்குள் புகும்.

நம் சிறுநீரகம் செய்வதும் இதேதான். தளர்ந்த இதயத்திலிருந்து ரத்தம் குறைவாக வந்ததும், 'உடம்பில் நீர் வற்றிவிட்டது' என்று தப்புக் கணக்குப் போடுகிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து ஒரு சங்கிலி வேலையைத் தொடங்கிவைக்கிறது. அதன் முடிவில் உப்பும் தண்ணீரும் வெளியே போகாமல் உடம்பிலேயே பிடித்து வைக்கப்படுகின்றன. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. போதாக்குறைக்கு அட்ரினலினும் சேர்ந்துகொண்டு, 'ஓடு ஓடு' என்று இதயத்தைச் சாட்டையால் அடிக்கிறது.

சில நாளுக்கு இது உதவி மாதிரிதான் தெரியும். ஆனால் களைத்த மாட்டை அடித்து எத்தனை தூரம் ஓட்ட முடியும்? பாரம் கூடக் கூட இதயம் இன்னும் தளர்கிறது. அது தளரத் தளர, சிறுநீரகம் இன்னும் நீரைச் சேர்க்கிறது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கிற நடவடிக்கையே உடம்புக்கு எதிரியாகிவிடுகிறது. இன்றைய மருந்துகளில் பல, இந்தத் தவறான உதவியைத் தடுத்து நிறுத்துபவைதான். இதைப் புரிந்துகொண்டால், 'இதயத்துக்கு மாத்திரை கேட்டா பி.பி. மாத்திரை எழுதியிருக்காரே!' என்ற குழப்பம் வராது.

தேங்கும் நீர் எங்கே போகிறது?

இதயத்தின் இடது பக்கம் தளர்ந்தால், நீர் நுரையீரலில் தேங்கும். நடந்தால் மூச்சு வாங்கும். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். அதனால் ஒரு தலையணை ரெண்டாகும், ரெண்டு மூன்றாகும். நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார்கள். பாதிப் பேர் இதை ஆஸ்துமா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அறுபது வயசு வரை இல்லாத ஆஸ்துமா திடீரென்று ஏன் வரவேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

வலது பக்கம் தளர்ந்தால், நீர் காலில் இறங்கும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, அது நிரம்பக் கொஞ்ச நேரமாகும். காலையில் போட்ட செருப்பு சாயங்காலம் பிடிக்கும். கல்லீரலில் ரத்தம் தேங்கினால் வலது விலாவுக்குக் கீழே பாரமாக வலிக்கும். குடலைச் சுற்றி நீர் கோத்தால் பசி போய்விடும், வயிறு உப்பும். நம் முன்னோர்கள் 'மகோதரம்' என்று பயந்த வயிற்று வீக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பகலெல்லாம் காலில் இறங்கியிருந்த நீர், ராத்திரி படுத்ததும் மறுபடி ரத்தத்துக்குத் திரும்பும். விளைவு, ராத்திரி நாலு தடவை பாத்ரூம்! 'ஷுகராக இருக்கும்', 'ப்ராஸ்டேட்டாக இருக்கும்' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கை கால் சதைகளுக்கு ரத்தம் போதாததால் எப்போதும் அசதி. மூளைக்குப் போதாவிட்டால் ஞாபகக் குறைவு, தடுமாற்றம், எரிச்சல். 'அப்பா இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறார்' என்பதன் பின்னால்கூட இது இருக்கலாம். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. நாள்பட்ட நோயில் சதை கரைந்துகொண்டே வரும். ஆனால் தேங்கிய நீரின் எடை அதை மறைத்துவிடும். 'எடை குறையலையே, நல்லாத்தானே இருக்கார்' என்று நாம் திருப்திப்பட்டுக்கொண்டிருப்போம்.

'எக்கோ நார்மல்' என்றால்?

ஏற்கெனவே வந்துபோன மாரடைப்பு, வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் முக்கியமான காரணங்கள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த ருமாட்டிக் ஜுரம் வால்வைப் பழுதாக்கி, நாற்பது வயதில் கணக்குத் தீர்ப்பதும் உண்டு. அளவில்லாத குடி, சில புற்றுநோய் மருந்துகள், தைராய்டு கோளாறு என்று பட்டியல் நீளும். பிரசவத்துக்கு முந்திய கடைசி மாதத்திலோ, பிந்திய 5 மாதங்களுக்குள்ளோ இளம் பெண்களுக்கு வருகிற ஒரு வகையும் இருக்கிறது. 'புள்ள பெத்த உடம்பு, அசதியாத்தான் இருக்கும்' என்று மாமியாரும் அம்மாவும் ஒன்றாகச் சொல்லும் அபூர்வமான சந்தர்ப்பம் அது. ரெண்டு பேருமே தப்பாக இருக்கலாம்!

எக்கோ பரிசோதனையில் 'இ.எஃப்.' என்று ஒரு எண் வரும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறையில் உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு அது. 100 வரவேண்டும் என்று நினைத்துப் பதறாதீர்கள். நல்ல இதயத்துக்கே 55-லிருந்து 70 வரைதான் வரும். 40-க்குக் கீழே போனால் பம்ப் பலவீனம்.

ஆனால் இந்த எண் 60 இருந்தும் இதயத் தளர்ச்சி வரலாம். இதயத்தின் சுவர் தடித்து, விறைத்து, சரியாக விரிந்து கொடுக்காமல் போனால், உள்ளே ரத்தம் நிரம்புவதே சிரமம். அப்போது தள்ளுகிற சக்தி நன்றாக இருந்தும் பயனில்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உடல் பருமனும் உள்ள வயதான பெண்களிடம் இந்த வகை அதிகம். 'எக்கோ நார்மல்... உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மனசுதான் காரணம்' என்று அனுப்பப்படும் அம்மாக்கள் எத்தனை பேரோ! மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், எண்ணைக் காட்டி வாயடைக்காமல் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உதவும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பக்கத்து ஊர்க் கணக்கு

வெள்ளைக்கார நாட்டுப் புள்ளிவிவரம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சரி, பக்கத்தில் இருக்கிற திருவனந்தபுரத்துக்கே போவோம்.

2013-ல் அந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் இதயத் தளர்ச்சிக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து, பிறகு வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61-தான். மேல்நாடுகளில் இந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். நம்மவர்களுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. 'வயசு மேல் பழி போடாதீர்கள்' என்று நான் சொல்வதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அறுபத்தோரு வயது என்பது, ரிட்டயராகிப் பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வயசு ஸார்!

5 வருஷத்துக்குள் அந்த 1,205 பேரில் 100-க்கு 59 பேர் இறந்துவிட்டார்கள். மனசைக் கனக்க வைக்கிற எண்தான். ஆனால் பாதியில் நிறுத்தாமல் அடுத்த வரியையும் படியுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டிய மருந்துகள் அத்தனையும் முறையாகக் கிடைத்தவர்கள், 4-ல் 1 பங்கு பேருக்கு மேல் இல்லை. அப்படிக் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். படிப்பிலும் ஆஸ்பத்திரி வசதியிலும் முன்னணியில் இருக்கிற கேரளத்திலேயே இந்த நிலை என்றால், நாம் யாரைக் குறை சொல்வது?

மருந்து இல்லாமல் இல்லை!

'இதுக்கெல்லாம் வைத்தியம் இல்லைங்க, இருக்கிறவரைக்கும் ஓட்ட வேண்டியதுதான்' என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய காலப் பேச்சு.

1785-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர், உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்ட நோயாளிகளுக்கு ஒரு செடியின் இலையைக் கொடுத்துக் குணம் கண்டதைப் புத்தகமாகவே எழுதினார். டிஜிடாலிஸ் மருந்தின் கதை அதுதான். அதற்குப் பிறகு வெகுகாலம், நீரை இறக்குகிற மாத்திரைகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

1975-ல் ஸ்வீடன் நாட்டில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மருந்தை, ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கே கொடுத்தார்கள். 'களைத்த மாட்டின் காலையும் கட்டுவதா?' என்று மருத்துவ உலகம் கைகொட்டிச் சிரித்தது. ஆனால் அடிப்பதை நிறுத்தினால் மாடு தேறும் என்பதுதான் உண்மையாயிற்று! மற்றவர்கள் ஒத்துக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 1999-ல் வெளிவந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, எதை 'கூடவே கூடாது' என்றார்களோ அதுவே கட்டாய மருந்தாயிற்று.

இன்று பலவீனமான பம்ப்புக்கு நான்கு வகை மருந்துகள் தூண்கள் மாதிரி நிற்கின்றன. ரெனின் சங்கிலியை அறுக்கிற மருந்து, பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, நான்காவதாக சர்க்கரை நோய்க்காகக் கண்டுபிடித்த டாபாக்ளிஃப்ளோஸின் வகை. சர்க்கரையே இல்லாத இதய நோயாளிக்கும் அது உதவுகிறது என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு வந்த ஆய்வுகளில், விறைத்த இதயத்துக்கும் இந்த வகை பலன் தந்தது. 2020-ல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் விலை நன்றாகவே இறங்கிவிட்டது. ஆக, மருந்து கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்தான் கோட்டை விடுகிறோம்.

'தேவலைன்னுதான் நிறுத்திட்டேன்!'

ஆஸ்பத்திரியில் நாலு நாள் ஊசி போட்டு நீரை இறக்கி அனுப்புகிறார்கள். மூச்சு சீராகிறது, கால் வீக்கம் வடிகிறது. ஒரு மாதம் ஆனதும், 'இவ்வளவு மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்' என்று பக்கத்து வீட்டு மாமா இலவச ஆலோசனை தருகிறார். அன்றோடு மாத்திரை டப்பா பரண் ஏறுகிறது.

லண்டனில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இதயச் சதை தளர்ந்து, மருந்தால் தேறி, எக்கோவும் சரியாகிவிட்ட 51 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 25 பேருக்கு டாக்டர்களின் கண்காணிப்பிலேயே படிப்படியாக மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். 6 மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. அதே 6 மாதத்தில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. 2018-ல் வெளியான ஆய்வு இது. 'தேவலை' என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மருந்து வேண்டாம் என்பதற்கு அல்ல!

கிட்னி பயத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகளுக்கு அவ்வப்போது கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அதைச் செய்து, தேவையானால் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. தாமாக நிறுத்துவது யாருடைய வேலையும் இல்லை. உண்மையிலேயே கிட்னியையும் இதயத்தையும் சேர்த்துக் கெடுப்பது, மருந்துக் கடையில் 'முட்டி வலிக்கு ரெண்டு குடுப்பா' என்று சீட்டில்லாமல் வாங்குகிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள்தான். அவை உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரைகள் பலவற்றில் சோடியம் அதிகம். சர்க்கரை மாத்திரைகளில் பையோகிளிட்டஸோன் இதயத் தளர்ச்சிக்கு ஆகாது. எந்த டாக்டரிடம் போனாலும் உங்களுக்கு இந்த நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

அவரிடம் சொல்லாதீங்க டாக்டர்!

இனி எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே போய், 'அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க டாக்டர், பயந்துடுவார்' என்கிறார். பாசம்தான், சந்தேகமில்லை. சில டாக்டர்களும் அதுவே நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். பயத்தில் நோய் அதிகமாகிவிடும் என்ற கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ராத்திரி மூச்சு முட்டுவது யாருக்கு? அவருக்கு. ஊறுகாய் ஜாடியைத் திறப்பது யார்? அவர்தான். மாத்திரையை முழுங்குவதா, சட்டைப் பையில் போடுவதா என்று முடிவு பண்ணுவதும் அவரே. 'லேசா நீர் கோத்திருக்குப்பா, அவ்வளவுதான்' என்று சொல்லி வைத்தால், லேசான விஷயத்துக்கு யார் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடுவார்கள்? மறைத்து வைத்த நோயை நோயாளியால் கவனிக்க முடியாது. இதமாகச் சொல்லுங்கள், நம்பிக்கையோடு சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்!

பெண்கள் விஷயத்தில் கதை தலைகீழ். அங்கே நோயை மறைப்பவர் நோயாளியே! 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு, ராத்திரி படுக்க முடியாமல் ஈஸி சேரில் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதாம். கடைசியில் ஆம்புலன்ஸும் ஐ.ஸி.யு.வும் வைக்கிற செலவு அதைவிட எத்தனை மடங்கு என்று அவர்களுக்கு யார் சொல்வது?

வீட்டில் ஒரு எடை மெஷின்

இந்த நோயில் வைத்தியத்தின் பெரும் பகுதி வீட்டில்தான் நடக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு எடை பார்க்கும் மெஷினும், பத்து ரூபாய் நோட்டுப் புத்தகமும்தான்.

தினமும் காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்ததும், காபிக்கு முன்னால் எடை பார்த்து எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது நீங்கள் சாப்பிட்ட சோறு இல்லை, தேங்கின நீர்! வீக்கமும் மூச்சு முட்டலும் தெரிவதற்கு முன்னாலேயே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணினால் பெரும்பாலும் மாத்திரை அளவை மாற்றுவதோடு போய்விடும். நாலு நாள் பொறுத்தால் ஆக்ஸிஜன் மாஸ்க்!

உப்பு? உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது சின்ன ஸ்பூனில் ஒரு ஸ்பூனுக்கும் குறைவாக, என்கிறது. அப்பளம், வடாம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு, மிக்ஸர், பாக்கெட் சிப்ஸ் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாலே பாதி வெற்றி. அதற்காக உப்பே இல்லாத பத்தியச் சாப்பாடு போட்டு வதைக்க வேண்டாம். உப்பை மிகக் கடுமையாகக் குறைப்பதால் பெரிய லாபம் இல்லை என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. சாப்பாடே பிடிக்காமல் போய் உடம்பு இளைப்பதுதான் மிச்சமாகும்.

'நாங்க இந்துப்புதான் சேர்த்துக்கறோம்' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இந்துப்பும் சோடியம் உப்புதான், நிறம்தான் வேறு. கடைகளில் விற்கிற 'சோடியம் குறைந்த உப்பு' இன்னும் சிக்கல். அதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தான அளவுக்கு ஏறலாம். தினம் ரெண்டு இளநீர் குடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தண்ணீரைப் பொறுத்தவரை எல்லோருக்கும் கட்டுப்பாடு தேவையில்லை. டாக்டர் அளவு சொல்லியிருந்தால், காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று... படுக்கையிலேயே போட்டு வைக்காதீர்கள். நோய் கட்டுப்பட்ட பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி நடக்கிற வேகத்தில் தினமும் நடப்பது நல்லது. உடம்புக்கு மட்டுமல்ல, மனசுக்கும்!

டாக்டர்களுக்கும் அரசுக்கும்...

எல்லாப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையிலேயே கட்டிவிட்டு நான் நழுவப் போவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று கையில் திணிக்கப்படும் இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள, படித்த வீட்டிலேயே ஆளில்லை. எந்த மாத்திரை எதற்கு, எதை நிறுத்தவே கூடாது, எடை எவ்வளவு ஏறினால் ஃபோன் பண்ண வேண்டும், எந்த நம்பருக்குப் பண்ண வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கொடுப்பது ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய செலவா? டாக்டருக்கு நேரமில்லை என்றால் ஒரு நர்ஸம்மா ஐந்து நிமிஷம் சொல்லட்டுமே! மறுபடி சேர்க்காமல் தடுக்கிற ஐந்து நிமிஷம் அது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பி.பி.யையும் ஷுகரையும் வீட்டு வாசலிலேயே கவனிக்க முடியும் என்று காட்டியது. இதயத் தளர்ச்சிக்கு வழி போடுவதே அந்த ரெண்டும்தான். வாசல்வரை வருகிற ஊழியர், கூடவே கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்து, 'படுத்தா மூச்சு முட்டுதா பாட்டி?' என்று ஒரு கேள்வியும் கேட்டால் எத்தனை பேர் முன்கூட்டியே பிடிபடுவார்கள்!

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். உங்களால் இன்று ராத்திரியே செய்ய முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் 'உடம்பு எப்படி இருக்கு?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, 'எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க? போன வருஷம் எத்தனை வெச்சீங்க?' என்று கேளுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் காரணம் வயசு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதை டாக்டர் சொல்லட்டும்!